பற்றவைப்பதா, படரவிடுவதா: மொயாமொயா வந்த பிள்ளைக்கு எந்த அறுவை சிகிச்சை?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டை ஒட்டியே வெள்ளிப் பட்டறை. எல்லோரும் கேஸ் டார்ச்சுக்கு மாறிவிட்டார்கள். ஆனாலும் கொலுசில் சலங்கை பற்றவைக்கிற பொடி வேலைக்கு அப்பா இன்னும் பழைய ஊதுகுழலைத்தான் எடுப்பார். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. தாத்தாவைப் போலவே கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தவள் கையிலிருந்து ஒருநாள் குழல் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். வலது கை வரவில்லை. பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி. "மூச்சுப் புடிச்சு ஊதுனா இப்படித்தான், ஒண்ணுமில்ல சாமி" என்று ஆயா சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்.

அடுத்த இரண்டு மாதத்தில் மேலும் மூன்று முறை. ஒருமுறை தேம்பித் தேம்பி அழுதபோது. ஒருமுறை கொதிக்கிற ரசத்தை ஊதி ஊதிக் குடித்தபோது. மூன்றாவது முறை ஒரு ஆஸ்பத்திரியிலேயே. வலிப்பாக இருக்கும் என்று இ.இ.ஜி., அதாவது மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் சோதனை, எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தச் சோதனையில் பிள்ளைகள் கையில் காகிதக் காற்றாடியைக் கொடுத்து "வேகமா ஊது, இன்னும் ஊது" என்பார்கள். அவள் ஊதினாள், கை தொங்கியது. வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "ஊதும்போதுதான் வருகிறது" என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மூளைக்கு எம்.ஆர்.ஐ.யும் ரத்தக் குழாய்களுக்கான எம்.ஆர்.ஏ.வும் எடுத்த பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது.

பெயரைக் கேட்டால் தாலாட்டுப் பாட்டு மாதிரி இருக்கிறது. ஜப்பானிய மொழியில் மொயாமொயா என்றால் புகை மூட்டம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பெரிய கழுத்துத் தமனிகளும் மண்டைக்குள் நுழைந்து கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி அடைபடுகின்றன. பட்டினி கிடக்கும் மூளை, அடிப்பகுதியில் நூல் நூலாகச் சின்னக் குழாய்களை வளர்த்துக்கொள்கிறது. ஆஞ்சியோகிராமில் அந்த நூல்கூட்டம் சிகரெட் புகை போலத் தெரியும். 1969இல் சுசுகி, தகாகு என்ற இரு ஜப்பானிய மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். ஆறு படிநிலைகளாகப் பிரித்ததும் அவர்கள்தான். இன்றும் மருத்துவர்கள் "சுசுகி மூன்று, சுசுகி நான்கு" என்று பேசிக்கொள்வது அதைத்தான்.

ஊதினால் ஏன் வருகிறது? வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். நல்ல மூளைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஏற்கனவே விளிம்பில் நிற்கும் மூளைக்கு அந்தச் சின்னச் சுருக்கமே போதும், ஒரு பகுதி அணைந்து போகும். அழுகை, பலூன், புல்லாங்குழல், விசில், சூடான சோறு எல்லாம் ஒரே கணக்குதான். உங்கள் வீட்டில் யாராவது பிள்ளைக்கு அழும்போது மட்டும் கை கால் தொய்ந்து பிறகு சரியாகிறது என்றால், வலிப்பு என்று முடிவு கட்டும் முன் எம்.ஆர்.ஏ. கேளுங்கள். இதை எழுத உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு வரிதான்.

மீதிப் பாதி, அதற்குப் பிறகு வந்த முடிவுகளைப் பற்றி. "எந்த ஆபரேஷன் நல்லது?" என்று இப்போது என்னிடம் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை, கொலுசு வியாபாரி. ஆனால் எட்டு மாதம் இதையே படித்து, இதையே கேட்டு, மூன்று ஊர் மருத்துவர்களிடம் உட்கார்ந்தவன்.

மாத்திரையோடு நிறுத்தலாமா?

முதல் ஆசை எல்லோருக்கும் இதுதான். எனக்கும். சின்னத் தலையைத் திறக்கச் சம்மதிக்கிற அப்பா யார்?

மருந்து என்றால் முக்கியமாக ஆஸ்பிரின். சுருங்கிய இடத்தில் ரத்தம் கட்டி ஒட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். சுருங்குவதை நிறுத்தாது. அதை நிறுத்தும் மருந்து இதுவரை எதுவும் இல்லை. சிகிச்சை இல்லாமல் விட்டால் ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் வரை அறிகுறி கூடிக்கொண்டே போகும் என்பது 2009இல் பாஸ்டன் மருத்துவர்கள் எழுதிய மதிப்பீடு. அதிலும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நோய் ஓட்டமாக ஓடும்.

எதிர்ப்பக்கக் கணக்கையும் மறைக்கக் கூடாது. அறுவை சிகிச்சையிலும் ஆபத்து உண்டு. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அறுவை செய்துகொண்ட 143 பிள்ளைகளின் கணக்கு 2004இல் வெளிவந்தது. அதில் 11 பேருக்கு முதல் 30 நாளுக்குள் பக்கவாதம் வந்திருக்கிறது. உலகத்திலேயே அதிகம் கைபழகிய இடங்களில் ஒன்றின் கணக்கு இது. முதலில் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அடுத்த வரியையும் படித்தேன்: ஓராண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்த 126 பேரில் அதற்குப் பிறகு பக்கவாதம் வந்தவர்கள் 4 பேர். ஆக, ஆபத்தில் பெரும்பகுதி முன்னாலேயே குவிந்து கிடக்கிறது. முதல் மாதத்தைத் தாண்டினால் பாதை வெளுக்கிறது. மாத்திரை வழியில் இது தலைகீழ்: இன்றைக்கு ஒன்றும் ஆகாது, நாளாக நாளாக ஆபத்து ஏறும். கடன் வாங்கி வட்டி கட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

அறிகுறி வந்துவிட்ட பிள்ளைக்கு, ரத்த ஓட்டம் குறைந்திருப்பது சோதனையில் தெரிந்துவிட்டால், அறுவை சிகிச்சைதான் என்பதில் நான் கேட்ட மூன்று மருத்துவர்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாத்திரையோடு காத்திருப்பது நியாயமாகத் தோன்றும் இடங்களும் உண்டு. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிந்து, அறிகுறியே இல்லாத பிள்ளை. அல்லது இப்போதுதான் பெரிய பக்கவாதம் வந்து மூளை வீங்கியிருக்கும் பிள்ளை. இரண்டாவதில் சில வாரம் ஆறவிட்டுத்தான் கத்தி வைப்பார்கள்.

இதயத்துக்கு வைப்பது போல ஸ்டென்ட் வைக்கலாமே என்று என் மைத்துனன் கேட்டான். இந்த நோயில் அது நிற்பதில்லை, மறுபடி அடைத்துக்கொள்ளும். மூலிகைக் கஷாயம், தாயத்து, ஸ்டெம் செல் என்று வந்த யோசனைகளைப் பற்றி எழுதி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. ஒன்று மட்டும்: ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் எந்தக் கஷாயமும் கொடுக்காதீர்கள்.

நேரடியா, மறைமுகமா?

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். அடைபட்ட குழாயை யாரும் தொடுவதில்லை. மண்டைக்கு வெளியே, தோலுக்கு அடியில் ஓடும் நல்ல ரத்தத்தை உள்ளே கொண்டு வருவதுதான் எல்லா முறைக்கும் அடிப்படை. காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பாருங்கள், ஒரு துடிப்பு தெரியும். நெற்றிப்பொட்டுத் தமனி. கடவுள் உபரியாக வைத்த குழாய் என்று எங்கள் டாக்டர் சொன்னார். மொயாமொயா முகத்தையும் தலைத்தோலையும் தொடுவது அபூர்வம் என்பதால் அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

நேரடி முறையில் அந்தத் தமனியின் முனையை வெட்டி, மண்டையில் ஒரு ஜன்னல் திறந்து, மூளையின் மேற்பரப்பில் ஓடும் நடுப்பெருமூளைத் தமனியின் கிளை ஒன்றோடு தைத்துவிடுகிறார்கள். 1967இல் சூரிச்சில் யாசர்கில் என்ற துருக்கிய மருத்துவர் முதலில் செய்தது. எங்கள் தொழிலில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பதைப் போலத்தான்: சரியாகப் பிடித்தால் அந்த நிமிடமே இரண்டு துண்டும் ஒரு துண்டு. தையல் முடிந்து கிளிப்பை எடுத்ததும் ரத்தம் பாய ஆரம்பித்துவிடும். காத்திருப்பே கிடையாது.

சிக்கல் அளவில். பெரியவர்களுக்கே அந்தக் கிளை ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு அதற்கும் கீழே. தைக்கும் நூல் தலைமுடியை விட மெல்லியது, நுண்ணோக்கி இல்லாமல் கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். தைத்து முடிக்கும் வரை மூளையின் அந்தக் கிளையில் ரத்தத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ஏற்கனவே பட்டினி கிடக்கும் இடத்தில் இன்னும் அரை மணி நேரப் பட்டினி. பற்றவைப்பு நிற்காமல் இணைப்பு அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. ஒரேயடியாக ரத்தம் பாய்வதைத் தாங்காமல் மூளை திணறுவதும் உண்டு, அது பெரியவர்களிடம்தான் அதிகம். என் அப்பாவிடம் இதை விளக்கியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "அவ்வளவு மெல்லிசுல வெச்சு ஊதுனா உருகிடாதா?"

மறைமுக முறையில் பல வகை. அதிகம் கேள்விப்படுவது ஈ.டி.ஏ.எஸ்., பேச்சுவழக்கில் ஈடாஸ். ஜப்பானைச் சேர்ந்த மட்சுஷிமா 1981இல் எழுதி வெளியிட்ட முறை. நெற்றிப்பொட்டுத் தமனியை வெட்டுவதில்லை. இரு முனையிலும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைச் சுற்றியுள்ள திசுவோடு தோலிலிருந்து பிரித்து, மண்டையோட்டைத் திறந்து, மூளையுறையைக் கீறி, மூளையின் மேல் படுக்க வைத்துவிடுகிறார்கள். பாஸ்டன் முறையில் கூடுதலாக மூளையை ஒட்டிய மெல்லிய படலத்தோடு இரண்டு மூன்று இடத்தில் தையல் போட்டு நிறுத்துவார்கள். அவ்வளவுதான். பட்டினி கிடக்கும் மூளை தானே அந்தத் தமனியிலிருந்து புதுக் குழாய்களை இழுத்துக்கொள்ளும்.

இதை என் மாமனாரிடம் சொன்னபோது அவருக்கு உடனே புரிந்தது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவர். அங்கே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றுவார்கள். கொடியை மரத்தோடு சாய்த்து, அங்கங்கே நாரால் கட்டிவிட வேண்டியது. கணுவில் வேர் விட்டு மரத்தைக் கவ்விக்கொள்வது கொடியின் பாடு. "கட்டுறது நம்ம வேலை, புடிக்கிறது அது வேலை மாப்பிள்ளை. ஆனா அது புடிக்கிற வரைக்கும் தண்ணி காட்டணும்" என்றார். எட்டு மாதத்தில் நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சரியானது இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மறைமுக முறையின் பலவீனம் காலம். புதுக் குழாய்கள் ஓரளவு பிடிக்கவே மூன்று மாதம், நன்றாகப் படர ஆறு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். அந்த இடைவெளியில் பிள்ளை பழைய ஆபத்திலேயே இருக்கிறது. பெரியவர்களிடம் பல சமயம் கொடி பிடிப்பதே இல்லை, அதனால் அவர்களுக்கு நேரடி முறையை முன்வைக்கிறார்கள். குழந்தைகளிடம் பெரும்பாலும் பிடிக்கிறது. ஏன் குழந்தை மூளைக்கு மட்டும் இந்தத் தாராளம் என்று கேட்டேன்; வளரும் உடம்பு, வளர்க்கத் தெரிந்த உடம்பு என்று டாக்டர் சிரித்தார்.

இரண்டையும் சேர்த்துச் செய்யும் கூட்டு முறையும் உண்டு. ஒரு கிளையைத் தைத்துவிட்டு, மிச்ச இடத்தில் தமனியையோ தசையையோ படுக்க வைப்பது. இன்றைக்கும் ரத்தம், நாளைக்கும் ரத்தம். கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. மயக்கத்தில் இருக்கும் நேரம் கூடும், கைத்திறனும் அதே அளவு வேண்டும். பதின்வயதுப் பிள்ளைகள், குழாய் ஓரளவு பருத்தவர்கள், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கை கால் தொய்கிறவர்கள் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். ஆறு மாதம் காத்திருக்க அவர்களுக்கு அவகாசம் இல்லை.

தசையைப் படுக்க வைக்கும் முறையில் பொட்டுப் பக்கம் கொஞ்சம் புடைத்துத் தெரியும், மெல்லும்போது சில நாள் வலிக்கும். மண்டையில் பல துளை போட்டு மட்டும் விடுவது தனியாகவும் செய்கிறார்கள், மற்றதோடு சேர்த்தும் செய்கிறார்கள். துளை என்றதும் சாதாரணமாக நினைக்க வேண்டாம், அது முன்மூளைக்கு உதவும். ஈடாஸ் கொண்டு வரும் ரத்தம் பெரும்பாலும் மூளையின் பக்கவாட்டுக்குத்தான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்பகுதி காலசைவுக்கும் யோசிப்பதற்கும் வேண்டியது. "முன்பக்கத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற கேள்வியை நான் இரண்டாவது மருத்துவரிடம்தான் கேட்கக் கற்றேன். முதலாமவரிடம் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

இதில் எது ஜெயித்தது? 2005இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1448 பிள்ளைகளின் கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். சுமார் 87 சதவீதம் பேருக்கு அறிகுறி நின்றது அல்லது குறைந்தது. நேரடி, மறைமுகம் என்று பிரித்துப் பார்த்தபோது அறிகுறி விஷயத்தில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஆனால் இவை பெரும்பாலும் பழைய பதிவேடுகளைத் திரும்பிப் பார்த்த கணக்குகள். எந்தப் பிள்ளைக்கு எந்த முறை என்பதை அந்தந்த மருத்துவர் கைப்பழக்கம்தான் தீர்மானித்திருக்கிறது. ஆகவே "இது 90, அது 85" என்று யாராவது சதவீதத்தை நீட்டினால் நான் நம்புவதில்லை.

நாங்கள் மறைமுக முறையைத் தேர்ந்தோம். வயது ஆறு, குழாய் மெல்லியது, கை தொய்வது மாதம் ஒன்றிரண்டு முறைதான், பக்கவாதம் இன்னும் வரவில்லை. ஆறு மாதம் காக்கலாம் என்று தோன்றியது. "பாவம், தைக்க முடியாததால் சும்மா வைத்து மூடிவிட்டார்கள்" என்று ஒரு சொந்தக்காரர் வருத்தப்பட்டார். அந்த எண்ணம் தப்பு. சின்னப் பிள்ளைக்கு மறைமுக முறை முதல் தர சிகிச்சைதான். அதில் பாதி வேலை வீட்டில் நடக்கிறது, அதுதான் வித்தியாசம்.

ஒரே நாளிலா, இரண்டு தவணையிலா?

நோய் பெரும்பாலும் இரு பக்கமும் இருக்கும். சில இடங்களில் ஒரே மயக்கத்தில் இரண்டு பக்கத்தையும் முடிக்கிறார்கள். சில இடங்களில் மோசமான பக்கத்தை முதலில் செய்து, சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபக்கம். முதலாவதில் ஒரே மயக்கம், ஒரே அழுகை, ஒரே செலவு. இரண்டாவதில் ஒவ்வொரு முறையும் பிள்ளை கத்தியின் கீழ் இருக்கும் நேரம் குறைவு, முதல் பக்கம் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கவும் முடியும். எங்களுக்கு இரண்டு தவணை. வலது கை தொய்ந்ததால் மூளையின் இடது பக்கம் முதலில். இதில் உங்கள் மருத்துவர் எதில் பழகியவரோ அதற்கு விட்டுவிடுங்கள். இது நாம் மல்லுக்கட்ட வேண்டிய இடம் இல்லை.

எங்கே?

இங்கேதான் மல்லுக்கட்ட வேண்டும். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. எம்.ஆர்.ஐ., முதல் சிகிச்சை, திடீரென்று பக்கவாதம் வந்தால் ஓடுவது, அறுவைக்குப் பிறகு காய்ச்சல் பார்ப்பது, இதற்கெல்லாம் பக்கத்து ஆஸ்பத்திரியைப் போல உண்டா? ஆனால் மொயாமொயா அபூர்வ நோய். வருடத்துக்கு ஒன்று செய்யும் கையும் வருடத்துக்கு இருபது செய்யும் கையும் ஒன்றல்ல. அதிகம் செய்யும் மையங்களில் முடிவு மேலாக இருப்பதை அமெரிக்கப் பதிவேடுகள் காட்டியிருக்கின்றன. முறையின் பெயரை விட இது கனமான விஷயம் என்பது என் கருத்து.

சேலத்துக்காரனுக்கு ஒரு வசதி, எல்லா ஊருக்கும் நடுவில் இருக்கிறோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் சாலையில் 200 கிலோமீட்டர் சொச்சம். வேலூர் சி.எம்.சி.யும் ஏறக்குறைய அதே தொலைவு. கோவை அதைவிடப் பக்கம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் தூரம், ஆனால் ராத்திரி ரயிலில் ஏறினால் விடிந்ததும் இறங்கலாம். எங்கே போனாலும் சில கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: போன வருடம் எத்தனை குழந்தைகளுக்குச் செய்தீர்கள்? உங்கள் கையில் முதல் மாதத்தில் பக்கவாதம் எத்தனை பேருக்கு? மயக்கம் கொடுப்பவர் குழந்தைகளுக்குப் பழகியவரா? ராத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் இருப்பார்கள்? முகம் சுளிக்காமல் பதில் சொன்ன மருத்துவரிடம்தான் நாங்கள் போனோம். ஊர் பெங்களூர்.

மயக்க மருத்துவரைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அறுவையில் ரத்த அழுத்தம் இறங்கினாலும் ஆபத்து, மூச்சுக் கருவி வேகமாக ஓடிக் கரியமில வாயு குறைந்தாலும் ஆபத்து. முதல் நாள் இரவே சேர்த்து நரம்பு வழியாக நீர் ஏற்ற ஆரம்பித்தார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பல மணி நேரம் பிள்ளையைக் காயவிடும் இடமாக இருந்தால் யோசியுங்கள். வலியில் பிள்ளை அழக் கூடாது என்பதற்காகவே வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தார்கள். அழாமல் பார்த்துக்கொள்வது அங்கே அன்பு மட்டும் இல்லை, சிகிச்சை.

படங்களின் ஃபிலிமை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், படங்கள் பதிந்த குறுவட்டையும் (சி.டி.) கேட்டு வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இந்த அறுவைக்கு, அந்த ஆஸ்பத்திரியில், மாநில எல்லைக்கு அப்பால் அது செல்லுமா என்பதைச் சேரும் முன்பே காப்பீட்டு மேசையில் கேட்டுவிடுங்கள். தேதி குறித்த பிறகு ஓடினால் மூச்சு முட்டும், அனுபவம்.

கொடி பிடிக்கும் வரை

மாமனார் சொன்ன தண்ணீர் இதுதான். நிஜமாகவே தண்ணீர். சேலத்து வெயிலில் ஒரு பிள்ளை காய்ந்து போக அதிக நேரம் ஆகாது. ரத்தம் கெட்டியானால் மெல்லிய குழாய்களில் ஓடாது. பள்ளியில் டீச்சரிடம் சொல்லி மணிக்கொரு முறை பாட்டிலைத் திறக்க வைத்தோம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் வீட்டு வைத்தியம் கிடையாது, நேராக ஆஸ்பத்திரி, நரம்பில் நீர். ஏற்காட்டுக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவு. ஏழாவது வளைவிலேயே வாந்தி எடுக்கும் பிள்ளை இவள். அதனால் ஒரு வருடம் தாத்தா பாட்டிதான் மலையிறங்கி வந்தார்கள்.

ஆஸ்பிரின் சாப்பிடும் பிள்ளைக்கு இன்னொரு கண்டம், காய்ச்சல். ஃப்ளூவும் சின்னம்மையும் ஆஸ்பிரினோடு சேர்ந்தால் ரெய்ஸ் நோய் என்ற கல்லீரல், மூளைப் பாதிப்பு அபூர்வமாக வரலாம். அதனால் இரண்டுக்கும் தடுப்பூசி போடச் சொன்னார்கள். நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டி டாக்டரிடம் போகாமல் இருப்பது வழக்கம். ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றுங்கள், டாக்டருக்கும் போன் போடுங்கள். டெங்கு சந்தேகம் என்றாலும் உடனே சொல்ல வேண்டும், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் பயந்துபோய் நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

சின்னச் சின்னதாக இன்னும் சில. கண்ணாடிக் காம்போ இறுக்கமான ஹேர்பேண்டோ பொட்டுத் தமனியை அழுத்தக் கூடாது. மொட்டை போடும் வேண்டுதல் இருந்தால் தழும்பு ஆறிய பிறகு கேட்டுக்கொண்டு போடலாம். பல் டாக்டரோ வேறு எந்த டாக்டரோ மயக்கம் கொடுக்கும் முன் நோயின் பெயரைச் சொல்ல வேண்டும். என் மனைவி அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி லேமினேட் செய்து புத்தகப் பையில் போட்டிருக்கிறாள்.

முதல் அறுவைக்குப் பிறகு ஐந்தாவது வாரத்தில் ஒருமுறை கை தொய்ந்தது. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். இன்னும் படரவில்லை, பொறுங்கள் என்றார்கள். நான்காவது மாதத்துக்குப் பிறகு வரவில்லை. ஓராண்டில் எடுத்த ஆஞ்சியோகிராமில் இடது பக்கம் பொட்டுத் தமனியிலிருந்து கொத்துக் கொத்தாகக் கிளை இறங்கியிருக்கிறது. வலது பக்கம் அவ்வளவு இல்லை, அடர்த்தி குறைவு. தேவைப்பட்டால் முன்பக்கம் துளை போடலாம், இப்போது அவசரம் இல்லை என்கிறார்கள். அடுத்த எம்.ஆர்.ஐ. தை மாதம். அதுவரை ரசத்தை ஆற வைத்துத்தான் கொடுக்கிறோம். அப்பா ஊதுகுழலைப் பரணில் போட்டுவிட்டு, பொடி வேலைக்கும் டார்ச்சையே பிடித்துப் பழகிக்கொண்டிருக்கிறார். சலங்கை இரண்டு கோணலாகத்தான் வருகிறது.